ஒரு ஃபைல், இரண்டு சொந்தக்காரர்கள்

"அது என்னுதுங்க மேடம். பஷீரை அவர் சி.டி.யிலருந்து எடுக்கச் சொல்லுங்க" என்றார் ஜெபதுரை, போனில்.

"நான் எதுக்கும்மா எடுக்கணும்? ஜெபதுரை எடுக்கட்டும்" என்றார் பஷீர் அஹமது, அடுத்த போனில்.

போச்சம்பள்ளி ஃபேக்டரியின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் தேவமணிக்குத் தலை வலித்தது.

இருவரும் ஓசூரில் ஒன்றாக உட்கார்ந்து, லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் தமிழ் வர ஒரு மென்பொருள் பேக்கேஜ் செய்தவர்கள். போன வருஷம், தொண்ணூற்றெட்டில், ஏதோ பேச்சு முற்றிப் பிரிந்தார்கள். பேக்கேஜையும் இரண்டாகப் பிரித்தார்கள். திரையில் தமிழ் தெரிவது ஜெபதுரையின் பங்கு. பிரிண்டரில் வருவது பஷீரின் பங்கு.

எந்த எண்ணுக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று சொல்லும் எழுத்து அட்டவணை என்று ஒரே ஒரு ஃபைல் இரண்டுக்கும் வேண்டும். இருவருமே அதைத் தங்கள் சி.டி.யில் வைத்துக்கொண்டார்கள்.

லினக்ஸ் இதில் ரொம்பக் கறார். ஒரு ஃபைல் ஒரு பேக்கேஜுக்குத்தான் சொந்தம். ஜெபதுரையின் சி.டி. ஏறியபின் பஷீருடையதைப் போட்டால், 'இந்த ஃபைல் வேறு பேக்கேஜுடையது' என்று பாதியில் நின்றுவிடுகிறது.

தேவமணி இருவரிடமும் கறாராகவே சொன்னாள். "திங்கட்கிழமை ஷிப்ட் லிஸ்ட் தமிழ்ல ஒட்டணும். சனிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா ரெண்டு பேருதும் வேணாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு. அப்புறம் பழையபடி இங்கிலீஷ்தான்."

இருவரும் டக்கென்று போனை வைத்தார்கள். இவ்வளவு படித்தும் என்ன வீம்பு என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் இருவரிடமிருந்தும் புது சி.டி. வந்தது. ஒன்றைப் போட்டாள், ஏறியது. அடுத்ததும் முரண்டு பிடிக்காமல் ஏறியது. யாரோ ஒருவர் இறங்கி வந்திருக்கிறார், பரவாயில்லை.

ஷிப்ட் லிஸ்ட்டைத் திறந்தாள். திரை முழுக்க வெறும் கட்டங்கள். தேடிப் பார்த்தாள். அட்டவணை ஃபைல் அதிலும் இல்லை, இதிலும் இல்லை.

முதலில் பஷீரைப் பிடித்தாள்.

"ஜெபதுரை சி.டி.யில இருக்கும்மா. நான் என்னுதுல எடுத்துட்டேன். அவருக்கு இருக்கிற கஸ்டமர் உங்க ஃபேக்டரி ஒண்ணுதான். என் பிடிவாதத்தால அதுவும் போயிடக் கூடாது பாருங்க."

அடுத்து ஜெபதுரை.

"அதைப் பஷீருக்கே விட்டுட்டேங்க மேடம். முக்காவாசி அவர் உக்காந்து தட்டினது. கோபத்துல என்னுதுன்னு சொல்லிட்டேன். ஏன், அவர் சி.டி.யில இல்லீங்களா?"

"இல்லைங்க. அவரும் உங்களுக்குன்னு எடுத்துட்டாராம்."

வீம்பு என்று நினைத்ததற்குத் தேவமணிக்கு வெட்கமாக இருந்தது.

"மேடம்..." என்றார் ஜெபதுரை. "பஷீரோட புது போன் நம்பர் கொஞ்சம் சொல்லுங்களேன். எங்கிட்ட இல்லீங்க."