சத்தம் போடும் டயர்

ஒரு மாதம் முன்பு மலிவு விலையில் நான்கு கோடை டயர் போட்டுக்கொண்டு போன சின்னக் கார் மறுபடி கடைக்குள் நுழைந்ததும், டயர்க்காரர் புகாரை எதிர்பார்த்தபடியே எழுந்து வந்தார்.

"டயர் எப்படி சார் இருக்கு?"

"மழை ஈரத்துலகூட வழுக்கல. பிரேக் அடிச்சா நினைச்ச இடத்துல நிக்குது. வளைவுல ரோட்டை விடாமப் பிடிச்சுக்குது. ஆனா சத்தம் இருக்கு பாருங்க, தெருமுனையில நான் திரும்பும்போதே வீட்டுக்குள்ள கேக்குது."

"இந்த விலைக்கு அப்படித்தான் சார். சத்தமே இல்லாத டயர் இருக்கு, மாத்திடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்." வந்தவர் பதறிப்போனார். "குளிர்காலத்துல ரோட்டுல பனி விழுந்தா இந்தக் கோடை டயர் ஆகாது, வேற டயர் போடணும்னு சொன்னீங்களே, அதுவும் இதே மாதிரி சத்தம் போடுமா?"

"சத்தம் வேணுமா சார்?" என்று கேட்டார் டயர்க்காரர்.

"என் வீட்டுக்காரிக்குப் போன வருஷம் பார்வை போயிடுச்சு. தெருவுல எந்தக் கார் வந்தாலும் நான்தான்னு நினைச்சு, சுவரைத் தடவிக்கிட்டே வந்து கதவைத் திறந்து ஏமாந்து நிப்பா. இப்ப எனக்கு மட்டும்தான் திறக்கிறா. நான் இறங்குறதுக்குள்ள சிரிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறா."

டயர்க்காரர் கடைக்குள் அடுக்கியிருந்த டயர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"கவலைப்படாதீங்க சார். இருக்கிறதுலேயே அதிகமா சத்தம் போடுறதா பார்த்து எடுத்து வைக்கிறேன்" என்றார், இத்தனை வருட வியாபாரத்தில் முதல் தடவையாக.