தாளின் மேல் ஒரு கை

திரையில் மாஸ்டரின் கை விரல் விரித்தபடி தாளின் மேல் அப்படியே படிந்திருந்தது. இங்குனும் தன் கையைத் தன் தாளின் மேல் அதே மாதிரி விரித்து வைத்தாள். உள்ளங்கைக்கு அடியில் நீலப் பாஸ்டல் பொடி மாவு போல நெருடியது.

இந்த உத்தி அவளுக்குப் புதிது. பாஸ்டல் குச்சியைப் படுக்கப்போட்டு இழுப்பது, பொடியை விரல் நுனியால் தேய்த்துக் கலப்பது எல்லாம் இரண்டு வருடமாகச் சனிக்கிழமை நண்பகல் நேரலையில் அவரைப் பார்த்துப் பழகியவைதான். மாஸ்டர் முகத்தைக் காட்ட மாட்டார். பேரும் சொன்னதில்லை. வெறும் கையும் குரலும்தான். "அழுத்தாதே, தாள் திணறும். ஆச்சா? சரி, அடுத்த குச்சியை எடு" என்று எதிரே ஒருத்தர் உட்கார்ந்திருப்பது போலவே பேசுவார்.

இப்போது அந்தக் குரல் வரவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. மாஸ்டரின் சுண்டுவிரல் ஒருமுறை துடித்தது. ஓரத்திலிருந்த குச்சி உருண்டு தரையில் விழுந்து உடைந்தது. அதை எடுக்க அந்தக் கை போகவில்லை.

"யூஸ்டைன், இங்க வாயேன்."

ரொட்டியும் பழுப்புச் சீஸுமாக அடுப்படியிலிருந்து வந்த கணவன் குனிந்து பார்த்தான். "நெட் நின்னிருக்கும்."

"நிக்கல. பின்னாடி கடல் பறவை கத்தறது கேக்குது பாரு."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "சரி, ஆயிரம் பேர் பாத்துட்டிருப்பாங்க. பக்கத்துல இருக்கறவன் எவனாவது இந்நேரம் போன் பண்ணியிருப்பான். பேரு தெரியாது, ஊரு தெரியாது, நீ என்னத்தைச் சொல்லிக் கூப்பிடுவ?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. யாரையாவது கேட்கலாமென்றால் அந்தப் பக்கத்தில் கருத்து எழுத இடமில்லை. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதையும் மாஸ்டர் மறைத்து வைத்திருந்தார். அரை நிமிடம் தயங்கினாள். பிறகு நீலக் கையோடு ஆம்புலன்ஸ் எண் 113ஐ அழுத்தினாள்.

"நோயாளி எங்க இருக்காரு?" என்றாள் மறுமுனைப் பெண்.

"தெரியாது. வீடியோவுல ஓவியம் சொல்லித் தர்றவரு. நடுவுல கை அப்படியே நின்னுடுச்சு, பேச்சும் வரல. வேற யாராவது இதுக்காகக் கூப்பிட்டாங்களா?"

"இங்க வரல. வேற மாவட்டத்துக்குப் போயிருக்கலாம். இடம் தெரியாம நான் வண்டியை எங்கன்னு அனுப்பறது?"

இங்குன் சுவரைப் பார்த்தாள். ஏப்ரல் மாதப் பாடம் அங்கே மாட்டியிருந்தது. 'இதான் என் ஜன்னல்ல தெரியறது' என்று சொல்லி மாஸ்டர் வரையவைத்த துறைமுகம். மஞ்சள் மீன் கிடங்கு, பச்சைக் கூம்பு வைத்த தேவாலயம், பின்னால் இரட்டைக் கொம்பு மலை. பழைய பாடங்களை அவர் சேமித்து வைப்பதில்லை. கையிலிருந்தது இந்தப் படம் ஒன்றுதான்.

போட்டோ எடுத்து அனுப்பினாள்.

"இது நீங்களே வரைஞ்சதா?" அந்தக் குரலில் சந்தேகம் தட்டியது. "மலைக்கு நெசமாவே ரெண்டு கொம்பு இருக்கா, இல்ல அழகுக்குப் போட்டீங்களா?"

இங்குன் சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். படத்தில் இடது கொம்பு கொஞ்சம் சாய்ந்திருந்தது. அது அவர் சாய்த்ததா, தன் கை சாய்த்ததா?

"கோடு கோணலா இருக்கலாம்," என்றாள். "ஆனா அவரு போடாததை நான் போடல."

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. அந்தப் பெண் யாரையோ கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு ஓர் ஆண் குரல் கேட்டது. "இது ஹெஸ்ட்விக். எங்க சித்தி ஊரு. இந்த மாதிரித் தெரியணும்னா படகுத்துறைக்கு மேல இருக்கற மூணு வீட்டுல ஒண்ணுதான்."

வண்டி போய்ச் சேர இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. யூஸ்டைன் ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரையில் கை கிடந்த இடத்திலேயே கிடந்தது. கடைசியில் கதவு இடிபடும் சத்தம் கேட்டது. ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர் அந்தக் கையைத் தூக்கினார். கடல் வரைந்திருந்த தாளில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. யாரோ மேஜையில் இடித்ததும் திரை இருண்டது.

அதன்பின் எந்தச் செய்தியும் இல்லை. பத்து நாள் அவள் குச்சியைத் தொடவில்லை. பதினோராம் நாள், உங்கள் நம்பரை அவருக்குத் தரலாமா என்று ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டார்கள். அன்று பிற்பகலே அழைப்பு வந்தது. குரலைக் கேட்டதும் இங்குன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் பேரு ஐலர்ட்," என்றார் மாஸ்டர். நாக்கு கொஞ்சம் குழறியது. "மூளையில ரத்தம் கட்டிக்கிச்சாம். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா அவ்வளவுதான்னாங்க. கை பொழச்சுக்கிச்சு. நேத்து ஒரு வட்டம் போட்டேன், முட்டை மாதிரி வந்துச்சு."

அவள் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "நான் மட்டும் என்ன பண்ணிட்டேன் மாஸ்டர்? எத்தனையோ பேர் கூப்பிட்டிருப்பாங்க. அன்னைக்குப் பாத்துட்டிருந்தவங்க எல்லாரும் பாவம், பதறிப்போய்க் கெடப்பாங்க. மொதல்ல அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

 

"இந்த ரெண்டு வருஷமும் என்னைப் பாத்தது நீ ஒருத்திதாம்மா."