முதல் பரிசுக்கு நாலு ஓட்டை

“அழுத்தாதலே! விரிசல் விட்டா நாளைக்கு மேடையில என் மானம் போயிரும்.”

ஹாக்கிப் போட்டிக் கமிட்டிச் செயலாளர் மந்திரமூர்த்தி, எஸ்.டி.டி. பூத்தை ஒட்டியிருந்த பட்டறைக்குள் நின்று பதறினார். சக்திகுமார் அக்ரிலிக் தகட்டுக்கு அடியில் பழைய பலகை ஒன்றைக் கொடுத்து இறுக்கி, சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ட்ரில்லை மெதுவாக இறக்கினான். கோவில்பட்டியில் அக்ரிலிக்கை உடைக்காமல் ஓட்டை போட அவனை விட்டால் ஆளில்லை.

நாளைய ஃபைனலில் கரிசல் கிளப்பின் கோல்கீப்பரும் அவன்தான். செயலாளருக்கு அது தெரியாது. ஹெல்மெட்டுக்குள் இருப்பவன் முகத்தை ஊரில் யார் பார்த்தார்கள்?

சக்தியும் சொல்லிக்கொள்ளவில்லை. நாளை கோப்பை வாங்கும்போது அவரே பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்று விட்டுவிட்டான். ரயில்வே டீமுக்கு ஆள் எடுக்க வருகிறவர், ஜெயித்த அணியிலிருந்துதான் எடுப்பாராம். மூன்று வருஷமாக விடிகாலையில் அவன் கரிசல் புழுதி தின்றது அதற்காகத்தான்.

கேப்டன் நந்தகோபால்கூட, “இன்னைக்கு பிராக்டிஸ் வேண்டாம்டே, எல்லாரும் ரெஸ்ட் எடுங்க” என்று கரிசனமாகச் சொல்லியிருந்தான்.

ஆகவே, முதல் பரிசு ஷீல்டு என்றதும், சொந்த வீட்டுச் சுவரில் மாட்டப்போவது போலவே ஓட்டை போட்டான். தகட்டில் நாலு, அதற்கு நேராக ஷீல்டின் மரப்பலகையில் நாலு. பின்பக்கம்கூடப் பிசிறில்லை.

“பேப்பரை உரிச்சுப் பாக்கணும் அண்ணாச்சி. கீறல் இருந்தா இப்பமே தெரிஞ்சிரும்.”

“பாரு, பாரு.”

தகட்டின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்தான். கீறல் இல்லை. தங்க நிற எழுத்து பளிச்சென்று இருந்தது. ‘முதல் பரிசு: நீலக்கொடி கிளப்.’

“அண்ணாச்சி, ஃபைனல் நாளைக்குல்லா?”

“ஆமா. அதுக்கென்ன இப்பம்?”

“ஜெயிச்ச பேரு இன்னைக்கே இருக்கே.”

“எழுத்து வெட்ட திருநெல்வேலிக்குல்லாடே போகணும். விசில் ஊதின பொறவு ஓடிட்டு வர முடியுமா?”

“ஒருவேளை கரிசல் கிளப் ஜெயிச்சிட்டா?”

மந்திரமூர்த்தி வயிறு குலுங்கச் சிரித்தார். “அவிய எப்படி ஜெயிப்பாவ? இந்தப் பேரைத் தப்பில்லாம எழுதிக் குடுத்ததே அவிய கேப்டன் நந்தகோபால்தான். நீலக்கொடி மொதலாளி தீப்பெட்டி ஆபீசுல பத்துப் பயலுக்கும் வேலை பேசியாச்சு. இன்னைக்குச் சாயங்காலம் அங்கன கறி விருந்து. வெளிய சொல்லிராத.”

சக்தி ட்ரில்லிலிருந்து பிட்டைக் கழற்றினான். அதன் சூடு விரலைச் சுட்டது.

“ஹாக்கிக்குப் பதினோரு பேருல்லா அண்ணாச்சி?”

ஷீல்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் படியிறங்கினார்.

“கோல்கீப்பர் பயகிட்ட மட்டும் சொல்லலையாம்டே!”