படம் வரலை

"வந்துச்சா?"

"வரலை" என்றாள் சசிரேகா, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடி.

மோகன் தலையில் கை வைத்துக்கொண்டான். காலையிலிருந்து இதே பதில்தான். ராகு காலத்துக்கு முன்னால் அவளைப் பெண் பார்க்கக் காஞ்சிபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். அதற்குள் இவன் கம்ப்யூட்டரில் வரைந்த படம் அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் அவன் கதை முடிந்தது.

1991-ல் மண்ணூரில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகளே இரண்டுதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் டிவி தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் மோகனுக்கும் சசிரேகாவுக்கும் டிவி பூட்டும் ஒரே லைனில் வேலை. மோகன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தான். அடுத்த மாதமே பக்கத்து வீட்டு சசிரேகாவும் அதே மாதிரி ஒன்று வாங்கிவிட்டாள். பார்க்க வெறும் கீபோர்டு; டிவியில் சொருகினால் கம்ப்யூட்டர். இங்கே வரைவது அங்கே தெரிந்தால் எப்படியிருக்கும் என்று முதலில் ஆசை காட்டியவளும் அவள்தான். உடனே இவன் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒயர் இழுக்க முருங்கை மரத்தில் ஏறிவிட்டான்.

என்ன படம் அனுப்பப் போகிறாய் என்று அவள் கேட்டதற்கு, கோலம் என்று சொல்லி வைத்திருந்தான். கோலமாவது, கீலமாவது. திரை முழுக்க எழுத்து. 'சசிரேகா, என்னைக் கட்டிக்கிறியா? மோகன்.' அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்திருந்தான். நேரில் கேட்டுத் தொலைத்திருக்கலாம். லைனில் எதிரெதிரே உட்கார்ந்து வருஷக்கணக்கில் அரட்டை அடித்தவனுக்கு, இதைக் கேட்க மட்டும் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

முதலில் ஒயர் மேல் சந்தேகம் வந்தது. இந்தப் பக்கம் அனுப்புகிற கம்பி, அந்தப் பக்கம் அனுப்புகிற கம்பியோடே சேர்ந்துவிட்டதோ என்று சசிரேகா கேட்டாள். இரண்டு பேரும் பேசினால் யார்தான் கேட்பது? மோகன் பிரித்துப் பார்த்தான். சரியாக மாற்றித்தான் பற்ற வைத்திருந்தான். அப்புறம் படம் அனுப்பும் வேகத்தைக் குறைக்கச் சொன்னாள். குறைத்தான். அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினாள். இன்னும் குறைத்தான். மறுபடியும் உதட்டைப் பிதுக்கினாள். சோல்டர் வைத்த ஈயம் விட்டிருக்கும் என்றாள். சூடு வைத்து மறுபடியும் பற்ற வைத்ததில் இவன் கட்டைவிரல் வெந்ததுதான் மிச்சம்.

"மாப்பிள்ள வூட்ல இன்னா சொல்றாங்க?" என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டான்.

"கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகக் கூடாதாம். எங்கப்பா சரின்னுட்டாரு."

கம்பெனியில் எந்த டிவி ஊமையாகிப் போனாலும் சூப்பர்வைசர் முதலில் கூப்பிடுவது சசிரேகாவைத்தான். அவளைப் போய்க் காஞ்சிபுரத்து அடுப்படியில் உட்கார வைப்பதாவது.

"நேரமாவுதே. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமா?" என்றான், தைரியம் மொத்தமாக வடிந்துபோய்.

"பாதில விட்டா கோளாறு எங்கன்னு எப்படித் தெரியும்? நீ அந்தப் பக்கத்தப் பாரு. இந்தப் பக்கத்த நான் பாத்துக்கறேன்."

அடுத்த முறை அவள் சுவரருகே வந்தபோது பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தலை நிறைய மல்லிகை. மோகன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"கார் வந்துடுச்சு. நான் ஒயர மாத்தி மாட்டியிருக்கேன். கொஞ்ச நேரம் கழிச்சு அனுப்பு. நான் வந்து சொல்ற வரைக்கும் நிறுத்தாத, திரும்பத் திரும்ப அனுப்பிக்கினே இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

அவள் கம்ப்யூட்டர் இருப்பது சமையலறையை ஒட்டிய அறையில். வந்தவர்கள் உட்காருவது முன் ஹாலில். காபித் தட்டோடு போகிற வழியில் அவள் ஒரே ஒரு பார்வை பார்த்தால் போதும். மோகன் எல்லாத் தெய்வங்களையும் துணைக்குக் கூப்பிட்டுவிட்டு பட்டனை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். நிறுத்தாமல் அழுத்திக்கொண்டே இருந்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் உருண்டது. யாரோ கத்தினார்கள். கார் கதவுகள் படார் படாரென்று சாத்திக்கொண்டன. கார் கிளம்பிப் போனது. மோகன் சுவருக்கு ஓடினான்.

சுவருக்கு மேலே சசிரேகாவின் அப்பா கோதண்டராமனின் முகம் வந்தது.

"அந்தக் கருமத்த முதல்ல நிறுத்துடா. ஹால்ல பெரிய டிவில ஓடிக்கினே கீது. மாப்பிள்ள வூட்டுக்காரங்க எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு எழுந்து போயிட்டாங்க."

பிறகு, விஷயம் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தால் இனி எவன் வருவான் என்று புலம்பினார். இவளும் கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று ஹாலிலேயே நின்றுகொண்டு சொல்லிவிட்டாளாம். நாளைக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு முறையாக வந்து கேட்கும்படி மோகனிடம் உறுமிவிட்டு, விருட்டென்று உள்ளே போனார்.

மோகனுக்கு மரத்தில் ஏறிக் குதிக்கலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது. அவர் நின்ற இடத்தில் இப்போது சசிரேகா நின்றாள்.

"சத்தியமா எனக்கு ஒண்ணுமே புரியல சசி. காலைலேர்ந்து வராத படம், அவங்க வந்து உக்காந்ததும் எப்படி வந்துச்சு?"

"காலைல முதல் தடவையே பளிச்சுனு வந்துடுச்சு" என்றாள் அவள். "ஹால் டிவில மாட்டினது நான்தான். காலைலயே சொல்லியிருந்தா, அவங்க முன்னாடி அனுப்ப உனக்கு தைரியம் வந்திருக்குமா?"