கை படாத மெஷின்

அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

தரை தெரியவில்லை.

ஹால் முழுக்கத் தையல் மெஷின். நேற்றுவரை ஒரு மூலையில் அடங்கிக் கிடந்தது, இப்போது சோபாவிலிருந்து அடுப்படி வாசல்வரை பரவியிருந்தது. அந்த இரும்பை உருக்கினால் வைகைக்கு இன்னொரு பாலம் கட்டலாம்.

நடுவில் அவள் கணவர் தில்லைநாயகம். நெற்றியில் கிரீஸ். கையில் ஒரு ஸ்பிரிங். நீ எங்கிருந்தப்பா வந்தாய் என்று அதனிடமே கேட்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஷினுக்கு வந்த நோய் பெரிதில்லை. அங்கங்கே தையல் விட்டுப்போனது. அவ்வளவுதான்.

"பத்து நிமிஷ வேலை, பவளம். நான் ரயில்வேல இருந்தவன்" என்று காலையில் உட்கார்ந்தவர்.

ரயில்வேயில் அவர் டிக்கெட் கொடுத்தார்.

விடிந்தால் எதிர்வீட்டில் முகூர்த்தம். கல்யாணப் பெண்ணின் ரவிக்கை பாதி தைத்த நிலையில் ஆணியில் தொங்கியது. பெண்ணின் அம்மா வாசலுக்கு வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இனி அவள் முகத்தில் விழிக்க முடியாது.

மெஷின் ரிப்பேர் செய்யும் உதுமான் பாய்க்குப் போன் போட்டாயிற்று. மெஷின் இருமுவதைத் தெருமுனையில் நின்று கேட்டே வியாதி சொல்லிவிடுவார். ஆனால் ஒரு பிடிவாதம் உண்டு. அடுத்தவர் கழற்றிய மெஷினைத் தொடமாட்டார். வாசலோடு திரும்பிவிடுவார். போட்டு வைத்த டீயைக்கூடக் குடிக்கமாட்டார்.

வந்துவிட்டார்.

படியில் நின்றபடியே கேட்டார்.

"யாரும் கை வைக்கலையேம்மா?"

தில்லைநாயகத்தின் கையிலிருந்து ஸ்பிரிங் துள்ளியது. நேராகப் பாயின் காலடிக்குப் போய்ச் சேர்ந்தது.

அவள் நாக்கு நுனிக்கு எல்லாம் வந்துவிட்டது. மிக்ஸி, ஃபேன், இஸ்திரிப் பெட்டி, அவர் கை பட்டுச் செத்துப்போன அத்தனையும்.

ரவிக்கையைப் பார்த்தாள். விழுங்கிக்கொண்டாள்.

"இல்ல பாய். பூனை தள்ளிவிட்டுருச்சு."

அந்த வீட்டில் பூனை கிடையாது.

பாய் குனிந்து ஸ்பிரிங்கை எடுத்தார். செய்தித்தாள் மேல் அளவு வாரியாக அடுக்கியிருந்த திருகாணிகளைப் பார்த்தார். அப்புறம் தில்லைநாயகத்தின் நெற்றியை, வெகுநேரம்.

செருப்பைக் கழற்றினார்.

"நான் வேலைய முடிக்கிற வரைக்கும் அந்தப் பூனை உள்ள இருக்கக் கூடாதும்மா."



கணவர் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

அவள் கதவைச் சாத்தினாள்.

தாழும் போட்டாள்.