லொடலொட மாமா

கார்க் கதவின் உள்பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். ஃபோம் டப்பாவின் குழாயை இடுக்கில் நுழைத்து அழுத்தினார்.

புஸ்ஸென்று வந்தது. அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி, நிறுத்திய பிறகும் வெளிர் மஞ்சளாகப் பொங்கிக்கொண்டே இருந்தது.

ஜன்னல் சட்டத்து இடைவெளியை அடைக்க விற்கிற சாமான் அது. கொஞ்சமாக அடிக்கணும் என்றிருந்தார் கடைக்காரர். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை.

டப்பா முழுவதையும் அடித்துவிட்டார்.

வாங்கிய நாளிலிருந்து வாயை மூடாத கதவு அது. பின்சீட்டின் இடது பக்கம். மேடு பள்ளம் எதில் ஏறினாலும் லொடலொடவென்று பேச ஆரம்பித்துவிடும். மகள் சிறு பிள்ளையாக இருந்தபோதே அதற்கு உறவு சொல்லிவிட்டாள்.

லொடலொட மாமா.

தாயில்லாத வீடு. அப்பாவும் மகளும்தான். சண்டை வந்தால் சமாதானம் பேச மூன்றாவது ஆள் கிடையாது.

மாமாதான் பேசினார்.

"மாமா, நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்னு அப்பாகிட்ட சொல்லு."

அடுத்த வேகத்தடையில் லொடலொட.

"சொல்லிட்டாரும்மா" என்பார் அப்பா. அதற்கப்புறம் எந்தப் பரோட்டாக் கடையைக் கண்டாலும் வண்டி தானாக நின்றுவிடும்.

கல்லூரிக்குப் போன பிறகும் அந்த வழக்கம் விடவில்லை. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வந்தது.

அவள் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை.

மாப்பிள்ளையை அவளாகவே பார்த்துக்கொண்டாள் என்ற வீம்பு. வீம்புக்கு ஒரு நாள் போதும். அதிலிருந்து இறங்கி வரத்தான் வருடக்கணக்காகிறது.

இப்போது கைக்குழந்தையோடு துபாயிலிருந்து வருகிறாள். அந்தச் செய்தியும் அவர் தங்கை அமுதவல்லி வழியாகத்தான் வந்தது.

"அந்த வண்டிச் சத்தத்துல பிள்ள தூங்காதாம்ணே. டாக்சி பிடிச்சு வந்துக்கிறாளாம்."

பிறந்த வீட்டு வாசலில் டாக்சியில் வந்து இறங்கினால் அவள் விருந்தாளி. அது மட்டும் கூடாது.

"சத்தம் வராதுன்னு சொல்லு" என்று போனை வைத்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்பினார்.

மறுநாள் பார்த்தால் ஃபோம் கல்லாக இறுகி, கண்ணாடியையும் சேர்த்துக் கவ்விக்கொண்டிருந்தது. பலகையை மாட்டிக் கைப்பிடியை எவ்வளவு சுற்றியும் கண்ணாடி இறங்கவில்லை. விரல்களில் ஒட்டியது மண்ணெண்ணெய்க்கும் மசியவில்லை.

போகட்டும். மாமாவின் வாயை அடைத்தாயிற்று.

மதுரை விமான நிலைய வாசலில் அவள், "அப்பா" என்றாள். அவர் "ம்" என்றார். பெட்டியை வாங்கிக்கொண்டார். குழந்தையை நன்றாகப் பார்க்கக்கூட ஏனோ வெட்கமாக இருந்தது.

அவள் பின்சீட்டில், இடது பக்கம் ஏறிக்கொண்டாள்.

முதல் வேகத்தடை. சத்தமில்லை.

இரண்டாவதிலும் இல்லை.

குழந்தை அசையாமல் தூங்கியது. எல்லாம் நினைத்தபடிதான் நடந்தது. ஆனால் இந்த வண்டிக்குள் இப்படி ஒரு அமைதியை அவர் கண்டதில்லை. நல்லா இருக்கியாம்மா என்று கேட்டால் போதும். அதற்குப் பதிலாகக் கியரை மாற்றினார்.

திருமங்கலம் தாண்டியது.

பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தார். அவள் ஜன்னலை இறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பிடி சுற்றவில்லை. கண்ணாடி விளிம்பில் பிதுங்கி நின்ற மஞ்சளைத் தொட்டாள், நகத்தால் சுரண்டினாள். பிறகு ஸ்டியரிங் மேலிருந்த அவர் விரல்களைப் பார்த்தாள்.

அங்கேயும் அதே மஞ்சள்.

வெகுநேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குழந்தை விழித்துவிடாதபடி கதவை மெல்லத் தட்டினாள்.

"மாமா, அப்பா ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டாருன்னு கேட்டுச் சொல்லு."

அடுத்த வேகத்தடை வந்தது. வண்டி ஏறி இறங்கியது.

மாமா வாயைத் திறக்கவில்லை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.