பாரம் தூக்கிய ரத்தம்

“ரத்தத்துல வெள்ளையணு கூடிக் கிடக்கு. உடம்புக்குள்ள எங்கயோ வீக்கம்,” என்றார் கனகரெத்தினம் டொக்டர். அதைக் கேட்டதும் முதலில் வாங்குப் பலகையில் பொத்தென்று குந்தியவன் கபூர்தான்.

தம்பி கபூரின் முகத்தையே ஸகியா பார்த்துக்கொண்டு நின்றாள். கல்முனைக் கடற்கரையில் தேகப்பயிற்சிக்கென்று, இரு முனையிலும் சீமெந்து அடைத்த இரும்புக் கம்பியைத் தலைக்கு மேலே தூக்கி நிற்கிறவன் அவன். மச்சான் மேல் இவனுக்கு இத்தனை உயிரா என்று நினைத்தாள். இவனே இடிந்துபோனால் அவள் எங்கே போய் நிற்பாள்?

அவள் புருசன் உதுமாலெவ்வை குனிந்த தலை நிமிராமல் இருந்தான். தையல் மெசினே கதியென்று கிடக்கிற மனுசன். மாசக்கணக்காய் இருமல் விடவில்லை. அவன் உம்மாவைக் கொண்டுபோனதும் இப்படியோர் இருமல்தான்.

சவூதி வேலை சரிவந்திருந்தது. ரத்தம் நல்லதென்றால்தான் பிளேன் ஏறலாம். ரத்தம் எடுக்கிற இடத்துக்கு அவளை வரவேண்டாமென்று சொல்லிவிட்டு, மச்சானும் மச்சானுமாய்ப் போய்க் குடுத்துவிட்டு வந்தார்கள். இப்போது சவூதி போனால் போகட்டும், ஆள் மிஞ்சினால் போதுமென்று ஓதிக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் பாடமாக்கிய குர்ஆன் சூறா பாதியில் மறந்து மறந்து போனது.

“கசநோயா டொக்டர்?” என்று கேட்டாள் ஸகியா.

டொக்டர் கடதாசியை மறுபடி பார்த்தார். ரத்தம் குடுத்ததற்கு முதல்நாள் பாரமாய் ஏதும் தூக்கினீர்களா என்று உதுமாலெவ்வையிடம் கேட்டார். அவன் கபூரைப் பார்த்தான்.

“ஓம் டொக்டர், தூக்கின. கடும் பாரம்,” என்று முந்திக்கொண்டான் கபூர். “விடிய எழும்பக்க கையெல்லாம் கடுத்துப் போச்சி.”

டொக்டர் சிரித்தார். அளவுக்கு மிஞ்சிப் பாரம் தூக்கினால் சதை உள்ளே நொந்து வீங்கும், ரத்தம் அதைக் காட்டிக்கொடுக்கும், கொஞ்ச நாள் கையை ஓய விட்டால் தானாக இறங்கிவிடும் என்றார். மெல்ல மெல்லப் பழகித் தூக்கினால் அதே பாரம் வீக்கத்தைக் குறைக்கவும் செய்யுமாம்.

“இது நோயில்ல,” என்றார்.

“அல்ஹம்துலில்லாஹ்.” கபூர் நெற்றி வேர்வையைக் கட்டியிருந்த சாரத்தின் தலைப்பால் துடைத்தான்.

ஸகியா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பயந்த பயமெல்லாம் கண்ணால் ஓடியது. அரைச்சுவரில் நிற்கிற வீடு ஓடு போட்டு எழும்புவதுகூட அந்தக் கண்ணீருக்குள்ளே அவளுக்குத் தெரிந்தது.

உதுமாலெவ்வை மட்டும் நிமிரவேயில்லை. டொக்டர் எழும்பி வந்து அவன் சேட்டுக் கையை மேலே சுருட்டினார். ஈர்க்கில் போலிருந்த அந்தக் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். பிறகு வாங்கில் இருந்த கபூரின் புயத்தைப் பார்த்தார்.

சிரிப்பு நின்றது. மேசையிலிருந்த ரத்தம் எடுக்கிற ஊசியை எடுத்தார்.

“இந்தத் தம்பி குடுத்த ரத்தத்துல பிழையில்ல. இனி உங்கட ரத்தத்தப் பாப்பம்.”